கேரியர் டோக்குக்குப் போனா காசைப் பற்றிக் கேளுங்கோ

கொழும்பில மாஸ்டர்ஸ், எம்ஃபில் செய்யிற ஆக்களுக்கு வைக்கிற கேரியர் டோக் எல்லாம் அனேகமா ஒரே மாதிரித்தான். வெளிநாட்டில பிஎச்டி முடிச்ச ஒருத்தர் லீவில வந்திருப்பார், அவரைப் பிடிச்சு சனிக்கிழமை பின்னேரம் மேடையில ஏத்தி விடுவினம், அவரும் பேஷன், நெட்வேர்க்கிங், டைம் மேனேஜ்மென்ட் எண்டு ஸ்லைட் ஸ்லைட்டா ஓட்டிப்போட்டு கடைசியில ஸ்னோவுக்குள்ள நிண்டு எடுத்த படம் ஒண்டு காட்டுவார். பிறகு கேள்வி நேரம், ஒருத்தரும் கை தூக்க மாட்டினம்.

உண்மையான கேள்வியெல்லாம் வெளியில பற்றிஸ் மேசையடியிலதான். போன டோக்கில ஹோலுக்குள்ள வாயே திறக்காத பிள்ளை ஒண்டு, பிளேன்டீயைக் கையில வச்சுக்கொண்டு மெல்லமா, "அண்ணா, ஃபீஸ் ஆர் கட்டினது?" எண்டு கேட்டா. அந்த மனுசன் அதுக்குப் பிறகு சொன்னதுதான் டோக். அமெரிக்காவில சயன்ஸ், இன்ஜினியரிங் பக்கம் பிஎச்டிக்கு அனேகமா நாங்கள் காசு கட்டுறேல்ல, டீச்சிங் அசிஸ்டன்ட், ரிசர்ச் அசிஸ்டன்ட் எண்டு வேலை தந்து ஃபீஸையும் அவையே பாத்து மாசாமாசம் செலவுக்கு ஸ்டைபெண்ட் எண்டு ஒரு காசும் தருவினமாம், கனக்க இடங்களில மாஸ்டர்ஸ் இல்லாமலே நேரா அப்ளை பண்ணலாம், டிசம்பரோட குளோசிங் டேட் வந்திடும். ஜெர்மனியில பலருக்கு பிஎச்டி எண்டுறதே கொன்ட்ராக்டில சம்பளத்துக்குச் செய்யிற வேலை. பிரிட்டிஷ் அரசாங்கம் தாற செவ்னிங் ஸ்கொலர்ஷிப் ஒரு வருஷ மாஸ்டர்ஸுக்குத்தான், அதுக்கு 2,800 மணித்தியாலம் வேலை செய்த அனுபவம் வேணும், முடிச்சா 2 வருஷம் நாட்டுக்கு வந்து இருக்கோணும். அமெரிக்க அரசாங்கத்தின்ர ஃபுல்பிரைட் ஸ்கொலர்ஷிப்பில படிக்கப் போறவையும் 2 வருஷம் திரும்பி வந்து இருந்தாப்பிறகுதான் அங்க கிரீன் கார்ட் கதையே.

முன்னம் போன அண்ணனோ அக்காவோ உள்ள வீட்டுப் பிள்ளையளுக்கு இதெல்லாம் வாட்ஸ்அப் கோல்லயே தெரிஞ்சிடும். மற்றவைக்கு ஆர் சொல்லுறது?

ஏன் கேக்கினமில்லை எண்டா, இங்கிலிஷில கேக்கோணும் எண்ட பயம் ஒரு பக்கம். எனக்கு அதை விட, காசைப் பற்றிக் கேட்டா மரியாதையில்லை எண்ட நினைப்புத்தான் பெரிசாப் படுது. கலியாணம் பேசேக்க மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம் எண்டு சபையில வச்சுக் கேக்கிற சனம் நாங்கள், இதுக்கு மட்டும் வெக்கம்!

டிபார்ட்மென்ட் செமினார் வேற கதை. அங்க கேள்வி கேக்கிறதே பெரியாக்கள்தான், அதுவும் கேள்வி எண்ட பேரில தங்கட பேப்பரைப் பற்றி ஒரு குட்டிப் பிரசங்கம். அதை விடுவம்.

டோக் ஏற்பாடு செய்யிறவைக்கு ஒண்டு சொல்லோணும், ஆக்கள் வந்து இருக்கேக்கையே ஆளுக்கொரு துண்டைக் குடுங்கோ, பேர் போடத் தேவையில்லை, தமிழோ சிங்களமோ இங்கிலிஷோ விரும்பினதில எழுதட்டும், ஸ்லைட்டில பாதியை வெட்டிப்போட்டு அதுகளுக்குப் பதில் சொல்ல விடுங்கோ. முதல் துண்டில என்ன இருக்கும் எண்டு இப்பவே சொல்லுவன்: ஐஈஎல்டிஎஸ் இங்கிலிஷ் சோதினையில எத்தினை எடுத்தனீங்கள், விசாவுக்கு பேங்கில எவ்வளவு காட்டினனீங்கள்?