தூள் தடவிய கை

பொள்ளாச்சியில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளராக இருந்தபோது, லஞ்ச ஒழிப்புத் துறை வைத்த ஒரு பொறிக்கு அரசு சாட்சியாக அனுப்பப்பட்டேன். 1964-இல் தொடங்கப்பட்ட அந்தத் துறை, பிற துறை ஊழியர்களையே இப்படிச் சாட்சிகளாக அழைப்பது வழக்கம். "சார், எதற்கு என்பதை நாளைக் காலையில்தான் சொல்வேன், அதுவரை வீட்டிலும் பேச வேண்டாம்" என்றார் ஆய்வாளர். எதை எப்போது சொல்வார் என்று தெரிந்ததால் எனக்கு மனத்தாங்கல் வரவில்லை.

மறுநாள், கோபாலபுரம் எல்லையோரத் தென்னை விவசாயி ஒருவரின் புகாரை எங்களிடம் படிக்கக் கொடுத்தார்கள். அவர் கொண்டுவந்த நோட்டுகளின் எண்களைக் குறித்தபின், ஒரு காவலர் அவற்றில் பினாப்தலீன் தூளைத் தடவி, தம் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்துக் காட்டினார்; நிறமற்ற நீர் இளஞ்சிவப்பானது. நோட்டைத் தொட்டவரின் கையையும் இப்படித்தான் கண்டறிவார்கள். நாங்கள் புறப்பட்டபோது அவர் மட்டும் வண்டியில் ஏறவில்லை. "நான் வந்தால் என் கையிலிருந்து ஒட்டியது என்பார்கள், சார்" என்றார். ஒதுக்கப்பட்ட வருத்தம் அவர் முகத்தில் இல்லை. ஓட்டுநருக்குப் போகும் ஊர் மட்டும் தெரியும். விவசாயியோடு உள்ளே போய்ப் பேச்சைக் கேட்பது என் வேலை. அவர் துண்டால் முகம் துடைத்ததும் உள்ளே வருவது தேநீர்க் கடையில் நின்ற மற்றவர்களின் வேலை. தெரியாத பகுதி எதற்காகத் தெரியவில்லை என்பது ஒவ்வொருவருக்கும் விளங்கியிருந்தது.

என் அலுவலகத்திலும் ரகசியத்துக்குக் குறைவில்லை, ஆனால் காரணம் யாருக்கும் தெரியாது. பாலக்காட்டுப் பக்கத்து அதிகாரிகளோடு சேர்ந்து எல்லையை அளக்கவிருந்த கூட்டளவையின் தேதியைக்கூட எங்கள் மேலதிகாரி பூட்டி வைத்தார். நிலத்தின் அளவுகளைக் காட்டும் புலப்பட நகல் என் பீரோவில் இருக்க, அங்கிருந்து வந்தவர்கள் தோப்பு வரப்பில் அரை நாள் காத்திருந்து திரும்பினார்கள். அதன்பின் மேசைக்கு மேசை சந்தேகம் பரவியது. கையிலிருக்கும் கோப்பைப் பற்றி வாய்திறக்காதவரே விவரமானவர் என்றானது. அந்த ஆண்டுகளை நினைத்தால் இன்றும் வேதனையாக இருக்கிறது.

பின்னர் கோவை நீதிமன்றத்தில், முத்திரையிட்ட கரைசல் புட்டியில் ஒட்டியிருந்த தாளில் என் கையொப்பத்தை அடையாளம் காட்டினேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கேட்டது, தூள் தடவிய காவலரும் எங்களோடு வந்தாரா என்பதைத்தான். அவர் வரவில்லை என்று தயங்காமல் சொன்னேன்.