நான்காம் வகுப்பும் ஒரு நன்னீர் இறாலும்

அழிந்துவரும் உயிரினங்களைப் பற்றி வகுப்பில் பேச்செடுத்தால் மாணவர்கள் புலி, பாண்டா, திமிங்கலம் என்று அடுக்குவார்கள். நாள்தோறும் தாங்கள் கடந்து செல்லும் ஓடையில் எந்த உயிர் குறைந்துவருகிறது என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். அப்போதெல்லாம் கலிபோர்னியாவில் ஒரு நான்காம் வகுப்பு செய்த வேலையைத்தான் நான் அவர்களுக்குச் சொல்கிறேன்.

1992-ஆம் ஆண்டு, சான் அன்செல்மோவிலுள்ள ப்ரூக்சைடு பள்ளியில், அழிந்துவரும் உயிர்களைக் காப்பாற்ற நாங்கள் என்ன செய்யலாம் என்று மாணவர் ஒருவர் கேட்டார். ஆசிரியை லாரெட் ராஜர்ஸ் அந்தக் கேள்வியை ஒரு பதிலோடு முடித்துவிடவில்லை. ஓர் உயிரினத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை வகுப்பிடமே விட்டார். அவர்கள் தேர்ந்தெடுத்தது கலிபோர்னியா நன்னீர் இறால். மரின், சொனோமா, நாபா ஆகிய மாவட்டங்களின் ஓடைகளில் மட்டுமே வாழும் இது, 1988-இல் அமெரிக்க அரசின் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. விரலளவே உள்ள, கண்ணாடிபோன்ற உடல் கொண்ட ஓர் உயிரைப் பத்து வயதுப் பிள்ளைகள் தேர்ந்தெடுத்தது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

கரையோர மரங்களின் வேர்களும் தாழ்ந்த கிளைகளும் நீருக்குள் தொங்கும் இடங்களில்தான் இந்த இறால் ஒதுங்கி வாழ்கிறது. மாடுகள் மேய்ந்தும் மிதித்தும் கரை வெறுமையாகிச் சரிந்தபோது, அதற்கு நிழலும் ஒதுங்கிடமும் இல்லாமல் போயின. ஆகவே இறாலைக் காக்க மாணவர்கள் அதைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. மேய்ச்சல் நிலத்துக்காரரின் சம்மதத்தைப் பெற்று, ஸ்டெம்பிள் ஓடையின் கரையில் வில்லோ மரத்தின் போத்துகளை, அதாவது நட்டால் வேர்விடும் கிளைத்துண்டுகளை, நட்டார்கள். அன்று தொடங்கிய முயற்சி ‘ஸ்ட்ரா’ என்ற திட்டமாக வளர்ந்து, பல்லாயிரம் மாணவர்களை ஓடைக்கரைகளுக்கு அழைத்துச் சென்றது.

இந்த வரிசையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்: முதலில் உயிர், அடுத்து அது குறைவதற்கான காரணம், அதன் பிறகே வேலை. காரணத்தை அறியாத அன்பு கேடாகவும் முடியலாம். ஒரு குளத்துத் தலைப்பிரட்டைகளை எடுத்து வளர்த்து வேறொரு குளத்தில் விடும் பிள்ளை, உலகெங்கும் தவளைகளைக் கொன்றுவரும் கைட்ரிட் பூஞ்சையையும் சேர்த்தே விடக்கூடும். ஈரக் காலணிகூட அதைச் சுமந்து செல்லும். எனவே நீர்நிலைக்குச் செல்லும் மாணவர்கள், திரும்பியதும் காலணிகளைக் கழுவிக் காயவைக்கவும் பழக வேண்டும்.

நீர்நிலையில் ஓர் உயிரைக் கணக்கெடுக்கும்போது மாணவர்கள் இடம், நாள், நேரம், வானிலை ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். தேடியும் எதுவும் தென்படாத நாளில் ‘காணவில்லை’ என்று எழுதத் தவறக்கூடாது. பார்த்த நாள்களை மட்டுமே எழுதிய குறிப்பேட்டிலிருந்து, அந்த உயிர் குறைகிறதா இல்லையா என்பதை யாராலும் சொல்ல முடியாது. இன்று நட்ட போத்து நீரின்மேல் நிழல் விழுத்துவதற்குள் நட்ட வகுப்பு பள்ளியை விட்டுச் சென்றிருக்கும் என்பதால், அடுத்து வரும் பிள்ளைகள் படித்துத் தொடரும்படி அந்தக் குறிப்பேட்டைத் தெளிவான கையெழுத்தில் எழுதச் சொல்கிறேன்.