செப்டம்பர் நடுவில் தொடங்கும் மாதம்

அமெரிக்கக் கல்லூரிகளில் லத்தீன் அமெரிக்க மரபைக் கொண்டாடும் மாதம் செப்டம்பர் 15 அன்று தொடங்கி அக்டோபர் 15 வரை நீள்கிறது. குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடோர், நிகரகுவா, கோஸ்டா ரிக்கா ஆகிய ஐந்து நாடுகளும் 1821-ஆம் ஆண்டின் விடுதலை அறிவிப்பை நினைவுகூரும் நாள்தான் செப்டம்பர் 15. மெக்சிகோவின் விடுதலை நாள் மறுநாளே வருகிறது. 1968-இல் ஒரு வாரமாகத் தொடங்கிய இக்கொண்டாட்டம், 1988-இல்தான் மாதமாக விரிந்தது.

எங்கள் வளாக முற்றத்தின் குறுக்கே கட்டியிருந்த பாப்பெல் பிக்காடோ தோரணங்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். மெல்லிய வண்ணத் தாள்களை அடுக்கி, சிற்றுளியால் தட்டித் துளைத்து, பூவும் பறவையுமாக வெட்டியெடுக்கும் மெக்சிகோவின் கைவேலை அது. அருகே எல் சால்வடோரைச் சேர்ந்த மாணவி ஒருவர், சோளமாவை உள்ளங்கையில் தட்டி, நடுவில் பாலாடைக்கட்டியும் மசித்த பீன்ஸும் வைத்து மூடி, புப்பூசா சுட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். தொட்டுக்கொள்ளத் தரும் முட்டைக்கோஸ் ஊறுகாயின் புளிப்பு அதற்கு அத்தனை பொருத்தம்!

உணவும் ஆடலும் வேண்டியவையே. ஆயினும் 1968-இல் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் உயர்நிலைப் பள்ளிகளின் மெக்சிக அமெரிக்க மாணவர்கள் தரமான கல்வி கேட்டு ஆயிரக்கணக்கில் வகுப்புகளை விட்டு வெளியேறியதையும், மெக்சிக அமெரிக்கர் குறித்த படிப்புகள் பல்கலைக்கழகங்களுக்குள் போராடியே இடம்பெற்றதையும் சொல்லாமல் இவ்விழா முழுமை பெறாது என்றே நான் கருதுகிறேன். அடுத்த ஆண்டு அந்த வரலாற்றுக்கென ஒரு மாலையையாவது ஒதுக்குமாறு விழாக் குழுவினரிடம் எழுதிக் கேட்டிருக்கிறேன்.