ஸ்லீவ் ஆபரேஷனுக்குப் பின் ஃபிஸ்டுலா: என் ஐந்து மாதங்கள்

எடை குறைப்புக்காக ஸ்லீவ் ஆபரேஷன் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைக் குழாய் போல ஸ்டேப்லரால் மூடுவது) செய்துகொண்ட ஒன்பதாம் நாள். வயிற்றில் பெரிய வலி இல்லை. இடது தோள்பட்டை மட்டும் வலித்தது, லேசான காய்ச்சல், சும்மா படுத்திருக்கும்போதே நாடி 124. படுத்த வாகு சரியில்லை என்று நினைத்து ஒரு ராத்திரியை வீணாக்கிவிட்டேன். இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: நாடி இப்படி ஓடினால் வயிறு வலிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

சி.டி. ஸ்கேனில் லீக், அதாவது இரைப்பையிலிருந்து கசிவு, தெரிந்தது. உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, ஸ்டேப்லர் வரிசையின் மேல்முனையில். பெரும்பாலும் அங்கேதான் வருமாம். உள்ளே கழுவிவிட்டு, கசிவது வெளியே வடிய டிரெயின் என்ற குழாயை வைத்தார்கள். வாய்வழியே ஒன்றும் கிடையாது. மூக்கு வழியாகச் சிறுகுடல் வரை போன மெல்லிய டியூப்தான் சோறு, தண்ணீர் எல்லாம். பசியைத் தாங்கிவிடலாம். தாகம்தான் கொடுமை. அம்மா ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைக்கும் அந்த நிமிடத்துக்காகவே விழித்திருப்பேன்.

அப்புறம், ஓட்டையை உள்ளிருந்து மறைக்க ஸ்டென்ட் என்ற குழாய். ஓயாத குமட்டல், மூன்றாம் வாரம் அது நழுவிவிட, எடுத்துவிட்டார்கள். (குமட்டல் நாட்களில் வைட்டமின் பி1 ஊசி போட்டார்கள். அது குறைந்தால் நரம்பு பாதிக்கும். உங்களுக்கும் போடுகிறார்களா என்று கேளுங்கள்.) அதற்குள் டிரெயின் போன தடமே இரைப்பையிலிருந்து தோலுக்கு ஒரு வழியாக நிலைத்துவிட்டது. ஃபிஸ்டுலா. குழாயைச் சுற்றித் தோல் வெந்து சிவந்து, துணி பட்டாலே எரியும்.

"ஓட்டையைத் தைத்துவிட முடியாதா டாக்டர்?" என்றேன். அவர் ஒரு தாளில் இரைப்பையை வரைந்து, நடுவில் பேனாவை அழுத்தினார். அங்கே குறுகியிருக்கிறது, அதனால் மேலே அழுத்தம் ஏறுகிறது, அது இறங்காமல் எதை வைத்து அடைத்தாலும் பிய்த்துக்கொள்ளும். யாரும் எனக்கு இதை முன்பே இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

பலூன் விட்டுக் குறுகலை விரித்தார்கள். ஓட்டை வழியே, இருமுனையும் சுருண்ட இரண்டு பிக்டெயில் ஸ்டென்ட் வைத்தார்கள். இனி சீழ் இரைப்பைக்குள்ளேயே வடியும், இரைப்பைக்கு வெளியே சீழ் தேங்கிய குழி சுருங்கி ஆறும். வெளி டிரெயினைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார்கள். அதில் வடிந்த அளவை அம்மா நோட்டில் தினமும் குறித்தார்: 80 மில்லி, 45, 45, 60, 20. அந்த 60 அன்று இருவரும் அழுதோம்.

இப்போது டிரெயின் இல்லை, வாயால் சாப்பிடுகிறேன். பிக்டெயில் இரண்டும் இன்னும் உள்ளே. அடுத்த எண்டோஸ்கோப்பியில் பார்த்துவிட்டு எடுப்பார்கள்.