பின்வாசல் குழாய்: நாட்குறிப்பு

ஜூன் 3

காலையில் பின்கதவைத் திறந்ததும் அதே நாற்றம். சமையலறைக்கு வெளியே இருக்கும் ட்ராப்பில் (வாயு மேலே வராமல் தடுக்க எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும் கழிவுநீர்க் குழி) தண்ணீர் விளிம்பு வரை ஏறி எண்ணெய்ப் படலத்தோடு நின்றது, உள்ளே குழாயைத் திறந்ததும் வழிந்து துவைக்கிற கல் வரை வந்துவிட்டது. இந்த வருடத்தில் இது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் ஆளைக் கூப்பிட்டோம், மூங்கில் பிளாச்சு விட்டுக் குத்தினார், தண்ணீர் சர்ரென்று இறங்கியது, நாங்களும் அத்தோடு மறந்துவிட்டோம். இந்தத் தடவை அப்படி விடப்போவதில்லை. ஏன் அடைக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். வீடு கட்டி 50 வருடம் ஆகிறது, மண்ணுக்குள் எது எங்கே போகிறது என்பதற்கு எங்களிடம் ஒரு தாள்கூட இல்லை. அதனால்தான் எழுதியும் வைக்கிறேன்.

ஆசிட் ஊற்றிப் பார் என்று இரண்டு பேர் சொன்னார்கள். மாட்டேன். மண்ணையும் வேரையும் அது ஒன்றும் செய்யாது, சேம்பரின் (கழிவுநீர்க் குழாயைத் திறந்து பார்க்க நடுநடுவே கட்டிய மூடி போட்ட தொட்டி) சிமெண்ட் பூச்சைத்தான் அரிக்கும், அப்புறம் அதில் கைவைக்கிறவர் மேல் தெறிக்கும்.

ஜூன் 4

மூன்று சேம்பர் மூடிகளையும் கடப்பாரையால் நெம்பித் திறந்து, அரைமணி நேரம் காற்றாட விட்டோம். முதல் சேம்பர் நிறைய தண்ணீர். இரண்டாவது காய்ந்து கிடந்தது. அப்படியானால் அடைப்பு இந்த இரண்டுக்கும் நடுவில்தான், மற்ற இடத்தைத் தோண்ட வேண்டியதே இல்லை. இவ்வளவு எளிய சோதனையை முன்பே யாராவது சொல்லியிருக்கலாம்.

எங்கள் சேம்பர் இரண்டடி ஆழம்தான், மேலிருந்தே எல்லா வேலையும் செய்யலாம். செப்டிக் டேங்க், ஆழமான சாக்கடைக் குழி என்றால் விஷயமே வேறு. தயவுசெய்து அதற்குள் யாரையும் இறக்காதீர்கள், எட்டியும் பார்க்காதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, நாற்றம் இல்லையே என்று நம்பித்தான் ஆட்கள் இறங்குகிறார்கள்.

ஜூன் 5

பிளாச்சு 14 அடியில் முட்டி நின்றது. அந்த இடத்தில் பிளாச்சின் மேல் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். பலமாகக் குத்தி இழுத்தபோது நுனியில் மயிர் மாதிரி வேர் சுற்றிக்கொண்டு வந்தது. தண்ணீரும் இறங்கிவிட்டது. மற்ற தடவைகளில் இதோடு மூடியைப் போட்டு மூடியிருப்போம்.

அப்பா உள்ளே போய் முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துவந்தார். இரண்டாவது சேம்பரில் அவர் டார்ச்சைப் பிடிக்க, முதல் சேம்பரில் குழாயின் வாய்க்கு எதிரே கண்ணாடியைச் சாய்த்து வைத்து நான் பார்த்தேன். குழாய் நேராக இருந்தால் வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிய வேண்டும். எனக்குத் தெரிந்த வட்டம் மேல்பக்கம் வெட்டுப்பட்டிருந்தது, அடியில் தேங்கிய தண்ணீரில் வெளிச்சம் ஆடியது, குறுக்கே நூல் நூலாக வேர்கள் தொங்கின. குழாய் நடுவில் தொய்ந்திருக்கிறது.

ஜூன் 7

தோண்டுவதற்கு முன் கொத்தனார் ட்யூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய ட்யூபால் மட்டம் பார்ப்பது) பிடித்துப் பார்த்தார். இரண்டு சேம்பருக்கும் இடையே 20 அடி, குழாயின் அடிமட்ட வித்தியாசம் ஆறரை அங்குலம். நாலங்குலக் குழாய்க்கு 40-க்கு 1 வாட்டம் (சரிவு) என்பது கணக்கு, அதாவது 20 அடிக்கு ஆறு அங்குலம். ஆகவே அன்றைக்குப் பதித்தவர் சரியாகத்தான் பதித்திருக்கிறார். பழைய வேலையே கோணல் என்று இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தோம், அது தப்பு.

ஜூன் 8

பிளாச்சில் போட்ட கோட்டை வைத்து 14 அடியை அளந்து, அதற்கு நேர்மேலே தோண்டினோம். பழைய பீங்கான் குழாய், ஒவ்வொன்றும் இரண்டடி நீளம், ஒன்றின் வாயில் அடுத்தது நுழைந்து சிமெண்ட் கலவை பூசியது. அதில் இரண்டு துண்டுகள் ஒன்றரை அங்குலம் இறங்கியிருந்தன. இணைப்பில் கலவை உதிர்ந்து விரல் நுழைகிற இடைவெளி, அதன் வழியே மதிலோர மரத்தின் வேர். வெளியே ஒரு பென்சில் கனம்கூட இல்லை, உள்ளே போனதும் கிளைகிளையாகப் பெருத்து, இழுத்து எடுத்தபோது மூன்றடி நீளச் சடை, குழாயின் உருண்டை வடிவத்திலேயே. அதில் கொழுப்பு வெள்ளையாக ஒட்டியிருந்தது.

துண்டுகளைத் தூக்கிவிட்டு அடியில் கையை விட்டேன். மணிக்கட்டு வரை போனது. அடியில் மண்ணே இல்லை.

நிமிர்ந்து பார்த்தால் தலைக்கு மேலே மொட்டைமாடி மழைநீர்க் குழாயின் எல்போ, அதாவது வளைந்த முனை. ஒவ்வொரு மழைக்கும் மாடித் தண்ணீர் மொத்தமும் இந்த ஓர் இடத்தில் கொட்டியிருக்கிறது. தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, இணைப்பின் விரிசல் வழியே மண்ணையும் இழுத்துக்கொண்டு குழாய்க்குள் போயிருக்கிறது. அடியில் பொந்து விழவும் குழாய் தொய்ந்தது, தொய்யவும் விரிசல் பெரிதானது.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அந்தக் குழாயை அங்கே இறக்கினது நான்தாம்மா" என்றார். முன்பு சுவரில் நீர்க்கசிவு வந்தபோது மாற்றினாராம். மண்ணுக்கு அடியில் இப்படி நடக்கும் என்று யாருக்குத் தெரியும் என்றேன். உண்மையும் அதுதான்.

ஜூன் 10

இறங்கிய இரண்டு துண்டுகளை மட்டும் மாற்றினால் போதும் என்றார் அப்பா. பீங்கானையும் பிவிசியையும் கோக்க ரப்பர் கப்ளிங் இருக்கிறது, வெறும் சிமெண்டைப் பூசினால் நிற்காது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. மற்ற இணைப்புகளிலும் அதே 50 வருடக் கலவைதானே? கடைசியில் சேம்பரிலிருந்து சேம்பர் வரை 110 மில்லிமீட்டர் பிவிசி என்று முடிவானது. நடுவில் ஒரே ஓர் இணைப்பு, ரப்பர் வளையத்தோடு.

பொந்தில் மண்ணைப் போட்டு, தண்ணீர் தெளித்து, கெட்டிப்பட இடித்து, மேலே நாலங்குலம் மணல். தாழ்வான பக்கத்திலிருந்து ஆரம்பித்தார் கொத்தனார், குழாயின் அகன்ற வாய் மேட்டுப் பக்கம் பார்க்கும்படி. அந்த வாய் உட்காருகிற இடத்தில் மட்டும் மணலைக் கையால் தோண்டிப் பள்ளம் செய்தார், இல்லாவிட்டால் குழாய் முழுக்க அந்தக் கழுத்திலேயே தொங்கும் என்றார். முதல் சேம்பரின் தரையும் உடைந்திருந்தது, அதை அரைவட்ட வாய்க்காலாகப் பூசிவிட்டார்.

ஜூன் 12

பூச்சு காய்ந்ததும் கீழ் முனையை அடைத்து, குழாய் நிறையத் தண்ணீர் விட்டு, சேம்பர் சுவரில் கோடு போட்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கோட்டை விட்டு இறங்கவில்லை. அதன் பிறகுதான் மண்ணைத் தள்ளினோம். மூடிவிட்டுச் சோதித்தால், ஒழுகினால் மறுபடி தோண்ட வேண்டும்.

ஜூன் 13

மழைநீர்க் குழாயை நீட்டி, சுவரை விட்டுத் தள்ளி, தோட்டத்துப் பக்கம் விட்டாயிற்று. பக்கத்தில்தானே இருக்கிறது, சேம்பரிலேயே விட்டுவிடலாமே என்று வீட்டில் கேட்டார்கள். கூடாது. பெருமழையில் நாலங்குலக் குழாய் அதைத் தாங்காது, கழிவுநீர் மேலேறி ட்ராப் வழியே வாசலுக்கு வரும்.

நாற்றத்துக்கு இன்னொரு காரணமும் கிடைத்தது. பழைய குளியலறைக்கு வெளியே யாரும் புழங்காத ஒரு ட்ராப், அதில் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றிப்போய், வாயு நேராக வெளியே வந்துகொண்டிருந்தது. ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன், நாற்றம் போய்விட்டது.

ஜூன் 21

நேற்று இரவு முழுக்க மழை. விடிந்ததும் மூடியைத் திறந்து கண்ணாடியை வைத்தேன், அப்பா டார்ச் பிடித்தார். முழு வட்டம்.

மரத்தை வெட்டவில்லை. அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மூடி திறந்து பார்ப்பதாக இருக்கிறோம். மதிலில் அப்பா பெயிண்டால் சேம்பர் இருக்கும் இடங்களையும், இடையே எத்தனை அடி என்பதையும், குழாயின் ஆழத்தையும் எழுதிவைத்திருக்கிறார்.