வாங்காத கடனும் செட்டில்மென்ட் பேரமும்

ஆஸ்பத்திரியில் பாக்கி வைத்தால் சிபில் கெட்டுவிடுமா என்று தக்காளி மண்டியில் என்னிடம் கேட்பவர்கள் கூடிப்போய்விட்டார்கள். என் கதை அப்படி ஊரெல்லாம் பரவிவிட்டது. கெடாது. யார் கடனை ஒழுங்காகக் கட்டுகிறார்கள் என்று கணக்கு வைக்கும் கம்பெனிதான் சிபில்; நம் ஊரில் ஆஸ்பத்திரிக்காரர்கள் அதற்கு எதையும் அனுப்புவதில்லை. பேங்க், ஃபைனான்ஸ், கிரெடிட் கார்டுக்காரர்கள்தான் அனுப்புவார்கள். அமெரிக்காவில் ஆஸ்பத்திரி பில்லே வசூல் ஏஜென்சி வழியாக ரிப்போர்ட்டில் ஏறிவிடுமாம். 500 டாலருக்குக் கீழே இருப்பதை மட்டும் 2023-ல் அங்கே சிபில் மாதிரி இருக்கும் மூன்று பெரிய கம்பெனிகளும் எடுத்துவிட்டன. இங்கே ஆபத்து பில் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறது. "இஎம்ஐ போட்டுக்கலாம்ணா, வட்டியே கிடையாது" என்று சொல்லும்.

அம்மாவுக்கு ராத்திரியில் நெஞ்சுவலி. பாலக்கோட்டிலிருந்து தருமபுரி, அங்கிருந்து தொப்பூர் இறங்கி சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. உடனே ஸ்டென்ட் வைக்கணும் என்றார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது என்றேன். அப்ரூவல் காலையில்தான் வரும், அதுவரைக்கும் அட்வான்ஸ் கட்டுங்கள் என்றார்கள். கவுண்டர் பையன் டேப்லெட்டை நீட்டினான். ஆதார், பான், ஒரு செல்ஃபி, ஓடிபி. வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியிலிருந்து 80,000 ரூபாய் ஆஸ்பத்திரிக் கணக்கில் ஏறிவிட்டது. கடன் என் பேரில், பணம் என் கண்ணில்கூடப் படவில்லை.

காலையில் காப்பீடு வந்தது. நல்லபடியாக எல்லாம் முடிந்து அம்மாவைக் கூட்டி வரும்போது, "லோனை நாங்களே கேன்சல் பண்ணி, பணத்தை ஃபைனான்ஸுக்குத் திருப்பிடுவோம்" என்றார்கள். வாய்வார்த்தை வேண்டாம் என்று எழுதிக் கேட்டேன். ஒரு வெள்ளைத் தாளில் நாலு வரி எழுதி சீல் குத்திக் கொடுத்தார்கள். சீல் பாதிதான் பதிந்திருந்தது. இருந்தாலும் பின்னால் என்னைக் காப்பாற்றியது அந்தத் தாள்தான்.

அடுத்த மாதமே தவணை கேட்டு போன் வர ஆரம்பித்தது. அப்புறம் வசூல் ஏஜென்ட். காலை 8 மணிக்கு முன்னாலும் சாயங்காலம் 7 மணிக்கு மேலும் கடன் வசூலுக்குக் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லிவிட்டது. இவர்கள் ஓசூரில் இருக்கும் என் தாய்மாமாவை ராத்திரி ஒன்பதுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் நம்பர் எப்படிக் கிடைத்ததோ!

இதற்கு நடுவில், மண்டிக்கு லோடு அடிக்க ஒரு பழைய குட்டி யானை வாங்கலாம் என்று பேங்குக்குப் போனேன். மேனேஜர் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். ஒவ்வொரு கடனுக்கும் கீழே மாதத்துக்கு ஒரு கட்டம். என் பயிர்க்கடனில் 000, 000 என்று வரிசையாக இருந்தது. இந்த ஆஸ்பத்திரிக் கடனில் மட்டும் 030, 060, 090 என்று படியேறியிருந்தது. எத்தனை நாள் பாக்கி என்ற கணக்கு அது. "ஸ்கோரை விடுங்க தம்பி, மேலே இருக்கிறவங்க இந்தக் கட்டத்தைத்தான் பார்ப்பாங்க" என்றார்.

ஏஜென்ட் பெண் இறங்கி வந்தார். "அண்ணா, 35 கட்டுங்க, ஃபைலை மூடி விடறேன்." மாமாவும், "கட்டித் தொலைச்சிடு மாப்ளே, நிம்மதியா இருக்கலாம்" என்றார். எனக்கு அங்கேதான் வீம்பு வந்தது. பாதி கட்டினால் ரிப்போர்ட்டில் 'செட்டில்டு' என்றுதான் விழும், 'க்ளோஸ்டு' என்று விழாது. முழுக்கடனைக் கட்ட வக்கில்லாதவன் என்று பேங்குகள் அதைப் படிக்கும். வாங்காத பணத்துக்கு 35,000 கொடுத்து அந்தப் பட்டத்தை வேறு வாங்கணுமா? நிஜமாகவே கடன்பட்டவர், கட்ட வழியில்லாதவர் செட்டில்மென்ட் போடட்டும், தப்பில்லை. தப்பான பாக்கிக்குப் போடவே கூடாது.

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் என்று இப்படிக் கணக்கு வைக்கும் கம்பெனி நாலு இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றும் முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தரணும். நாலிலும் எடுத்துப் பார்த்தேன், நாலிலும் இந்தப் பாக்கி இருந்தது. சிபில் தளத்தில் இது தப்பு என்று டிஸ்ப்யூட் போட்டேன், அதற்கும் காசில்லை. பதில் வந்தது: கடன் கொடுத்தவர் சரி என்கிறார், மாற்ற முடியாது. சிபில் தானாக எதையும் திருத்தாது. கடன் கொடுத்த கம்பெனியைக் கேட்கும், அது தலையாட்டினால்தான் திருத்தும்.

சரி, பணம் எங்கே என்று தேடி சேலம் போனேன். அக்கவுண்ட்ஸில் ஒரு அக்கா பொறுமையாக ஸ்டேட்மென்ட்டைப் புரட்டி ஒரு வரியில் விரலை வைத்தார். 80,000 ரூபாய் எப்போதோ ஃபைனான்ஸுக்குப் போயிருக்கிறது, லோன் நம்பர் போடாமல்! யாருடைய பணம் என்று தெரியாமல் அங்கே அநாதையாகக் கிடந்திருக்கிறது. அந்த வரியின் யுடிஆர் நம்பர் (பேங்க் வழியாகப் பணம் போனதற்கான அடையாள எண்), சீல் குத்திய தாள், காப்பீட்டு அப்ரூவல், மூன்றையும் சேர்த்து ஃபைனான்ஸின் குறைதீர் அதிகாரிக்கு மெயில் போட்டேன். போனில் எதையும் பேசவில்லை. போனில் பேசியதற்குச் சாட்சி கிடையாது.

30 நாள் தாண்டியும் அசையவில்லை. ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு ஆன்லைனில் புகார் போட்டேன். வழி தெரியாதவர்கள் 14448-க்குக் கூப்பிட்டால் சொல்கிறார்கள். அதுவரை என் பேரே தெரியாதது போல் இருந்த ஃபைனான்ஸ்காரர்கள், "சார், வணக்கம்" என்று தாங்களாகக் கூப்பிட்டார்கள். கடன் 'க்ளோஸ்டு' ஆனது, 030, 060 எல்லாம் அழிந்தது. 30 நாளுக்குள் திருத்தாவிட்டால் அதற்கு மேல் நாளொன்றுக்கு 100 ரூபாய் நமக்குத் தரணும், 2024 ஏப்ரலிலிருந்து இதுதான் விதி. அதையும் விடாமல் கேட்டு வாங்கினேன். பெரிய தொகை ஒன்றுமில்லை, அம்மாவின் மாத்திரைக்கு ஆச்சு.

நான் பார்த்து வைத்திருந்த வண்டியை அதற்குள் காரிமங்கலத்துக்காரர் ஒருவர் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். வேறு தேடிக்கொண்டிருக்கிறேன். எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) உயிரோடு இருக்கணும், டயர் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம் யாராவது கொடுப்பதாக இருந்தால் சொல்லுங்கள்.