எஸ்டிமேற்றில் இல்லாத நாற்பது மீற்றர்

பிரதேச சபையில் தொழில்நுட்ப உத்தியோகத்தராகச் சேர்ந்து, நான் தனியே பொறுப்பெடுத்துச் செய்த முதல் வேலை மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில் ஓர் உள்வீதிக்குக் கொங்கிரீற்றுப் போட்டது. வாவிப் பக்கமிருந்து பிரதான வீதிக்கு வரும் வீதி. நாடா வெட்டினார்கள், படம் எடுத்தார்கள், நானும் ஓரமாக நின்று சிரித்தேன். இரண்டு கிழமை கழித்து அதே வீதியில் ஒரு பள்ளிக்கூடப் பொடியன் சைக்கிளோடு விழுந்து கையை முறித்துக்கொண்டான்.

போய்ப் பார்த்தேன். கொங்கிரீற்று விளிம்புக்குப் பக்கத்தில் மண் அரைச் சாண் பள்ளம். பின்னால் வந்த மோட்டார் சைக்கிளுக்கு விலத்தியிருக்கிறான், முன்சில்லு விளிம்பால் இறங்கிவிட்டது. ஓரத்துக்குக் கிறவல் மண் நிரப்பும் வேலை என் முதல் எஸ்டிமேற்றில் இருந்தது. ஒதுக்கிய காசுக்குள் அடக்க வேண்டும் என்றபோது அதை வெட்டியவன் நான்தான். நீளத்தைக் குறைத்தால் சனம் கேள்வி கேட்கும், ஓரத்தை யார் கேட்கப்போகிறார்கள்? குழி பார்த்து மெல்லப் போனவர்கள் எல்லாம், நான் மட்டமாகப் போட்டுக்கொடுத்த பிறகு பறந்தார்கள். நடக்கிறவர்களுக்கு ஒதுங்க இடமில்லை.

அந்த வீதியால் யார், எங்கே போகிறார்கள் என்று நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. ஒரு திங்கட்கிழமை விடிய ஐந்தரைக்குக் கொப்பியோடு பஸ் தரிப்பிடத்தில் போய் நின்றேன். நடந்தும் சைக்கிளிலும் வருகிறவர்களுக்கு ஒரு பக்கம், மோட்டார் சைக்கிளுக்கும் ஓட்டோவுக்கும் மற்றப் பக்கம். ஏழு மணிக்கு முன்னமே முதற்பக்கம் நிரம்பி, கொப்பியைப் புரட்ட வேண்டியதாயிற்று. வந்த சைக்கிள்கள் எங்கே போகின்றன என்று பார்த்தால், தரிப்பிடத்துக்குப் பக்கத்து வளவுக்குள். அங்கே ஒரு பெத்தா, கேற்றைத் திறந்துவிட்டு வாசல் கூட்டிக்கொண்டிருந்தார்.

"மாரியில இதவிடக் கூட வரும் மனே. பெற்றோல் இல்லாத வருசம் மாமரத்தடி முட்ட நிண்டிச்சு."

2022ஐச் சொல்கிறார். மூலையில் துருப்பிடித்துக் கிடந்ததெல்லாம் அப்போது வீதிக்கு வந்தது.

குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு வாவியைக் கடக்கும் படகைப் 'பாதை' என்றே எங்கள் பக்கம் சொல்வோம். அதில் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போகலாம். பஸ்ஸில் அது நடக்காது. விட்டுவிட்டுப் போக ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தை இத்தனை வருடமாக ஒரு கிழவி சும்மா கொடுத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பிரதான வீதி ஏ4. கொழும்பில் தொடங்கி இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில், கல்முனை என்று சுற்றிக்கொண்டு மட்டக்களப்புக்கு வருவது. அது வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. எங்கள் பிரதேச சபையின் எஸ்டிமேற் அந்த வீதியின் எல்லைக் கல்லோடு நின்றுவிடும். அந்தக் கல்லிலிருந்து தரிப்பிடம் வரை நாற்பது மீற்றர்: மூடியில்லாத வடிகான், புதைமணல், இருட்டு. யாரையும் குறை சொல்ல வரவில்லை. அவரவர் எல்லைக்குள் எல்லோரும் சரியாகத்தான் அளந்திருக்கிறோம்.

'பாதசாரிகளுக்கான திட்டம்' என்று ஒரு கோவை திறந்தேன். அது நகரவே இல்லை. பிறகுதான் புத்தி வந்தது. ஓரக் கிறவலை வீதிப் பராமரிப்பில் போட்டேன், வடிகான் மூடிகளை வடிகான் செலவில், விளக்கை மின்குமிழ் வாங்கும் காசில். தனியாகக் கேட்டால் இல்லாத காசு, பிரித்துக் கேட்டால் இருந்தது. காலம்தான் பெரிய வில்லங்கம். ஒதுக்கீடு ஆண்டின் நடுவில் வரும், டிசம்பர் 31க்குள் முடித்தாக வேண்டும். கேள்விகோரல் எல்லாம் முடிந்து கலவை போட ஆயத்தமாகும்போது வானம் இருட்டிவிடும். சின்ன வேலைகளை ஆவணி முடிவதற்குள் முடிப்பது என்று அன்றிலிருந்து வைத்துக்கொண்டேன்.

எல்லைக் கல்லுக்கு அப்பால் கைவைக்க அனுமதி கேட்டு எழுதியதில் ஒரு பொறியியலாளர் நேரிலேயே வந்தார். சந்திக்கு முன்னால் இருந்த தரிப்பிடத்தைச் சந்தி தாண்டி வைக்கச் சொன்னார். அப்போது இறங்குகிறவர்கள் பஸ்ஸுக்குப் பின்னால் கடப்பார்கள், வருகிற வாகனம் தெரியும். இத்தனை நாள் சனம் பஸ்ஸின் முன்மூக்கைச் சுற்றிக் கடந்ததைப் பார்த்துக்கொண்டே எண்ணியவன் நான். எனக்குத் தோன்றவில்லை.

கல்லடியில் 1924இல் கட்டிய பழைய பாலத்துக்குப் பக்கத்தில் 2013இல் புதியது திறந்தார்கள். வாகனம் அங்கே போனது. பழையது நடக்கிறவர்களுக்கும் சைக்கிள்காரருக்கும் மிஞ்சியது. இந்த மாவட்டத்தில் பயமில்லாமல் சைக்கிள் ஓட்ட எனக்குத் தெரிந்த நல்ல இடம் அதுதான், அதுவும் மிச்சமாகக் கிடைத்தது. இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், கொஞ்சம் வெட்கமும் வரும்.

சைக்கிள் கொட்டில் ஒன்றுக்கு மட்டும் எந்தச் செலவுத் தலைப்பும் பொருந்தவில்லை. பெத்தாவிடம் போய்ச் சொன்னேன்.

"கொட்டில் என்னத்துக்கு மனே? விடியக்காலம் நாலு பேர் வந்து கதைச்சிட்டுப் போறதையும் இல்லாமலாக்கவா? கேற்றடியில ஒரு லைற்றப் போட்டுத்தா, காணும்."

கேற்றுக்கு நேரே ஒரு தூண் இருந்தது. அதை அளந்து எழுதிக்கொண்டு வந்தேன்.